கொழும்புக்குச் சுழலும் கோபுரம் வேண்டுமா?

கேள்வி: 2025 ஜனவரி 24

நான் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு மாணவி. டுபாய்க்கென அறிவிக்கப்பட்ட சுழலும் கோபுரத்தைப் போல, ஒவ்வொரு மாடியும் தனித்தனியே சுழன்று, காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் கட்டடங்கள்தான் எதிர்காலம் என்று நம்புகிறேன். என் ஆய்வுக் கட்டுரையும் இதைப் பற்றியதுதான். வெள்ளவத்தைக் கடற்கரையில் அப்படி ஒன்று எழும்பினால், மாலை வெயில் எந்த ஒரு வீட்டையும் நிரந்தரமாகச் சுடாது அல்லவா? அண்ணாமார், அக்காமார் கருத்துச் சொல்லுங்கள்.

2025 ஜனவரி 25, காலை

கட்டடங்களின் மின்சாரம், நீர், குளிரூட்டல் ஆகியவற்றைப் பராமரிக்கும் வேலையில் கொழும்பில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் கட்டடக்கலைஞன் அல்லன். ஆனால் கட்டடக்கலைஞர் படம் வரைந்து கொடுத்துவிட்டுப் போனபின் அந்தக் கட்டடத்தோடு முப்பது, நாற்பது வருடம் குடித்தனம் நடத்துபவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான்.

நீங்கள் சொல்லும் டுபாய்க் கோபுரத்தை டேவிட் ஃபிஷர் என்ற கட்டடக்கலைஞர் 2008 இல் அறிவித்தார். 80 மாடி, ஏறத்தாழ 420 மீட்டர் உயரம், நடுவே அசையாத ஒரு கொங்கிரீட் தண்டு, அதைச் சுற்றித் தனித்தனியே சுழலும் தளங்கள், தளங்களுக்கிடையே படுக்கையாக வைத்த காற்றுச் சுழலிகள் என்பது திட்டம். அது இன்றுவரை கட்டப்படவில்லை. உண்மையிலேயே கட்டப்பட்டு, மாடிகள் தனித்தனியே சுழல்வது பிரேசிலின் குரிச்சிபா நகரில் 2001 இல் முடிக்கப்பட்ட சூட் வொலார்ட் என்ற 11 மாடிக் கட்டடம். அதிலும் பெரும்பாலான வீடுகளில் ஆட்கள் குடியேறவே இல்லை. ஆகவே எதிர்காலம் என்று நாம் பேசுகிற இந்தக் கட்டடவகைக்கு ஓர் இறந்தகாலம் ஏற்கெனவே இருக்கிறது. முதலில் அதைப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

2025 ஜனவரி 25, இரவு

சுழற்றுவதற்கே மின்சாரம் எல்லாம் போய்விடும் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி அஞ்சத் தேவையில்லை. சியாட்டில் நகரின் ஸ்பேஸ் நீடில் கோபுரம் 1962 இல் திறக்கப்பட்டபோது அதன் உணவகத் தளத்தைச் சுழற்றியது ஒரு குதிரைவலு மோட்டார்தான். இத்தாலியில் வெரோனாவுக்கு அருகே பொறியியலாளர் அஞ்சலோ இன்வெர்னிற்சி கட்டி 1935 இல் முடித்த வில்லா ஜிராசோலே என்ற வீடு ஏறத்தாழ 1,500 தொன் எடையுள்ளது. வட்டத் தண்டவாளங்களின் மேல், சிறு மோட்டார்களின் வலுவிலேயே, ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் அது முழுச் சுற்று வந்தது. மெதுவாக நகரும் எதற்கும் பெரிய வலு வேண்டியதில்லை. என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆறுதலாக எழுதுகிறேன்.

2025 ஜனவரி 30

முதலில் சூரியனைப் பார்ப்போம். சுழலும் வீடுகளில் உண்மையாகவே பயன் தந்தது என்று நான் மதிப்பது, கட்டடக்கலைஞர் ரொல்ஃப் டிஷ் 1994 இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் தமக்காகக் கட்டிக்கொண்ட ஹெலியோட்ரோப். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, மறுபக்கம் வெப்பம் கடவாத தடித்த சுவர். குளிர்காலத்தில் கண்ணாடிப் பக்கம் சூரியனைத் தொடர்கிறது, கோடையில் வீடு முதுகைக் காட்டுகிறது. தான் செலவழிப்பதைவிடப் பன்மடங்கு மின்சாரத்தை உற்பத்தி செய்கிறது. ஃப்ரைபுர்க் இருப்பது 48 பாகை வடக்கு அகலாங்கில். அங்கே குளிர்காலச் சூரியன் வானத்தின் தெற்கு ஓரத்தில் தாழ்வாக ஊர்ந்து போகும். அந்தச் சிறு வெப்பத்தைத் துரத்திப் பிடிப்பதற்கு வீட்டைச் சுழற்றுவதில் அர்த்தம் இருக்கிறது.

கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வடக்கில் இருக்கிறது. நமக்குச் சூரியனைத் துரத்த வேண்டிய தேவை வருடத்தில் ஒரு நாளும் இல்லை. ஒளிந்துகொள்வதுதான் தேவை. ஒளிந்துகொள்ளும் வழியோ, வடக்கு, தெற்கு முகங்களைப் பொறுத்தவரை, மிகவும் எளியது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே 16 பாகை அளவுதான் சாய்கிறது, டிசம்பரில் தெற்கே 30 பாகை அளவு. ஒன்றரை மீட்டர் உயரமான யன்னலுக்கு, நண்பகல் வெயிலை மறைக்க வடக்கே அரை மீட்டருக்கும் குறைவாக வெளியே நீளும் மேல்தட்டும் தெற்கே 90 சென்ரிமீட்டர் மேல்தட்டும் போதும். கொங்கிரீட்டில் ஒரு முறை வார்த்துவிட்டால் அது ஒரு சதம் மின்சாரமும் கேட்காமல் கட்டடம் இருக்கும்வரை வேலை செய்யும்.

மிஞ்சுவது கிழக்கும் மேற்கும். மாலை நாலரை மணிக்குக் கடல் பக்கமிருந்து படுக்கையாக வரும் வெயிலை எந்த மேல்தட்டும் தடுக்காது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் வசிப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மேற்குச் சுவரில் இரவு பத்து மணிக்குக் கை வைத்தாலும் சூடு தெரியும். காணித்துண்டுகள் கிழக்கு மேற்காக நீண்டு கிடந்தும், கடலைக் காட்டினால்தான் வீடு விலைபோகும் என்பதற்காக மிகப்பெரிய கண்ணாடியை மேற்கே வைக்கிறோம். சூரியன் செய்யாத குற்றத்தை நாம் விற்பனைக்காகச் செய்துவிட்டு, அதைத் தீர்க்கக் கட்டடத்தையே சுழற்றலாமா என்று கேட்கிறோம்.

2025 பெப்ரவரி 2

தங்கச்சி, "எந்த ஒரு வீட்டையும் நிரந்தரமாகச் சுடாது" என்ற உங்கள் வரியை இரண்டு மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு நியாய உணர்வு இருக்கிறது, அது எனக்குப் பிடித்தது. ஆனால் கணக்குப் பார்த்தால், ஒரு மாடியில் நான்கு வீடுகள் இருக்குமானால், மாடி எப்படிச் சுழன்றாலும் மாலையில் ஒரு வீடு மேற்கைப் பார்த்தே தீரும். மொத்த வெப்பம் குறையாது, சுற்றிச் சுற்றிப் பங்கிடப்படும். நான்கு குளிரூட்டிகளில் எது ஓடுகிறது என்பது மட்டும் மாறும்.

முழு மாடியும் ஒரே வீடாக இருந்தால்தான், அறைகள் இல்லாத மூடிய பக்கத்தை வெயிலுக்குக் காட்டி மிச்சம்பிடிக்கலாம். குரிச்சிபாவில் ஒரு மாடிக்கு ஒரு வீடுதான். அதாவது, சுழற்சி பயன் தரவேண்டுமானால் ஒரு மாடி முழுவதையும் வாங்கக்கூடிய ஒருவர் வேண்டும். கொழும்பில் எத்தனை பேருக்கு அது கட்டுப்படியாகும்? கொட்டாஞ்சேனையில் இரண்டு அறைக்குள் ஆறு பேராக இருப்பவர்களின் மேற்குச் சுவருக்கு விடை தராத ஒன்றை எதிர்காலக் கட்டடக்கலை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

2025 பெப்ரவரி 10

நேற்று, ஞாயிறு முற்பகல், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே தொடக்கம் என்று எரிசக்தி அமைச்சர் கூறியிருக்கிறார். நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுவிட்டதால் இன்று சுழற்சிமுறை மின்வெட்டு.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட காலத்தில், எங்கள் தொடர்மாடியின் மின்பிறப்பாக்கிக்கு டீசல் கிடைக்கவில்லை. லிஃப்ட் இல்லை. மேல் தாங்கிக்கு நீர் ஏறவில்லை. எட்டாம் மாடியில் முழங்கால் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஓர் அம்மா, கிளினிக் நாளில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தபடி இறக்கப்பட்டார். முன்னால் இருவர், பின்னால் ஒருவர். படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் கதிரையின் பின்கால் சுவரில் இடித்தது. சுவரில் ஒரே உயரத்தில் அந்த வெள்ளைக் கீறல்கள் இப்போதும் இருக்கின்றன.

ஒரு கட்டடத்தைப் பற்றி நான் முதலில் கேட்பது இதனால்தான்: மின்சாரம் இல்லாதபோது அது எந்த நிலையில் நிற்கிறது? மேல்தட்டு அதே இடத்தில் நிற்கும். திறக்கக்கூடிய யன்னல் திறக்கும். சுழலும் மாடி பிற்பகல் மூன்று மணிக்குத் தன் கண்ணாடிப் பக்கம் மேற்கே இருக்கும்போது நின்றுவிட்டால், அந்த வீட்டுக்காரர் என்ன செய்வார்? கையால் சுற்றும் ஏற்பாடு இருக்குமா? இந்தக் கேள்விக்கு வரைபடத்திலேயே விடை இருக்க வேண்டும்.

2025 பெப்ரவரி 16

குளியலறை நீரும் கழிவும் எப்படிப் போகும் என்று கேட்டிருந்தவருக்கு: சுழலும் உணவகங்களில் சுழல்வது மேசைகள் இருக்கும் வளையம் மட்டும்தான். சமையலறை, கழிப்பறை, லிஃப்ட் எல்லாம் அசையாத நடுத்தண்டில் இருக்கும். நமது தாமரைக் கோபுரத்தின் சுழலும் உணவகம் போன்றவற்றில் இது சுலபம், ஏனென்றால் மேசைக்குக் குழாய் தேவையில்லை. வீட்டுக்குத் தேவை. நடுத்தண்டை ஒட்டி எல்லா ஈர வேலைகளையும் குவிக்கலாம், அல்லது ஒரு சுற்று முன்னே போய்த் திரும்பிவருமாறு சுழற்சியைக் கட்டுப்படுத்தி, வளையும் குழாய்களைப் பயன்படுத்தலாம். முடியாத காரியம் அன்று.

எனக்குப் பயம் இணைப்புகளில். ஒரு மாடியின் விட்டம் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சுற்றளவு ஏறத்தாழ 125 மீட்டர். 80 மாடிக்கு, அசையும் பகுதிக்கும் அசையாத பகுதிக்கும் இடையே மழைநீர் புகாமல் காக்க வேண்டிய இடைவெளியின் நீளம் பத்துக் கிலோமீட்டர். தென்மேற்குப் பருவக்காற்றில் கொழும்பு மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வந்து அடிக்கிறது. அசையாத யன்னல் சட்டத்தில் போட்ட சிலிக்கனே சில வருடத்தில் வெடித்துவிடுகிற ஊரில், அசையும் இணைப்பைப் பத்துக் கிலோமீட்டருக்கு யார் பார்த்துக்கொள்வார்?

கையால் தொட்டுப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கடலுக்கு அருகே ஓர் அலுவலகக் கட்டடம். பெயர் வேண்டாம். மேற்கு முகம் முழுவதும், வெயிலுக்கு ஏற்பத் திரும்பும் அலுமினியப் பலகைகள் பொருத்தியிருந்தார்கள். திறப்பு விழாவின்போது அவை ஒன்றாகத் திரும்பியது பார்க்க அழகாக இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக நின்றன. நான் ஏணியில் ஏறிப் பார்த்தபோது, அலுமினியச் சட்டத்தில் இரும்பு ஆணிகளை நேரடியாக இறுக்கியிருந்தார்கள். உப்புக்காற்றில், இரும்பைத் தொட்ட இடத்தில் அலுமினியம் அரித்து, ஆணித்தலையைச் சுற்றி மாவைப் போல் வெள்ளைத் தூள் படிந்திருந்தது, ஆணியோ கறள் பிடித்து வீங்கியிருந்தது. உள்ளே, மோட்டாரின் பிளாஸ்டிக் பற்சக்கரத்தில் மூன்று பல் இல்லை. அந்தச் சக்கரத்தைத் தனியாக விற்கமாட்டார்கள், மோட்டாரை முழுதாக இறக்குமதி செய்ய வேண்டும். கடைசியில் காவலாளி நைலோன் கயிற்றால் பலகைகளைச் சாய்வாக இழுத்துக் கட்டினார். அதன்பின் அந்த மாடியில் வெயிலும் குறைந்தது, வெளிச்சமும் போதுமாக இருந்தது. அந்தக் காவலாளி தேர்ந்தெடுத்த சாய்வு மிகச் சரியானது என்பதை நான் பிறகு அளந்து உறுதிசெய்தேன். ஒவ்வொரு நாளும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது தெரிந்திருந்தது.

2025 பெப்ரவரி 17

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் அசையும் எதுவுமே வேண்டாம் என்கிறீர்களா, ஐயா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சிறியதாக, கையெட்டும் உயரத்தில், ஆமர் வீதிக் கடையில் உதிரிப்பாகம் வாங்கிப் பழுதுபார்க்கக்கூடியதாக அசையட்டும் என்கிறேன்.

2025 பெப்ரவரி 23

காற்றைப் பற்றி. காற்றில் உள்ள வலு அதன் வேகத்தின் மும்மடிக்கேற்ப மாறும். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டரில் 600 வாட் அளவு வலு இருக்குமானால், வேகம் பாதியாகும்போது அது 75 வாட்டாகிவிடும். அதிலும் 59 சதவீதத்துக்கு மேல் எந்தச் சுழலியாலும் எடுக்க முடியாது என்பது இயற்பியலின் எல்லை. மாடிகளுக்கு இடையிலான ஒடுங்கிய இடைவெளியில், பக்கத்துக் கட்டடங்கள் குழப்பிய காற்றில், எடுக்கக்கூடியது அதனினும் குறைவு.

பஹ்ரைன் உலக வர்த்தக மையத்தில் 2008 இல் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 29 மீட்டர் விட்டமுள்ள மூன்று சுழலிகளை வைத்தார்கள். வளைகுடாக் காற்று வரும் திசையைப் பார்த்து, இரண்டு கோபுரங்களையும் காற்றைக் குவிக்கும் வடிவில் நிறுத்தினார்கள். அவ்வளவு செய்தும் எதிர்பார்த்தது கட்டடத் தேவையில் 11 முதல் 15 சதவீதம்தான். லண்டனில் 2010 இல் முடிந்த ஸ்ட்ராட்டா கட்டடத்தின் உச்சியிலுள்ள மூன்று சுழலிகள் பெரும்பாலும் அசையாமல் நிற்கின்றன என்பது அவ்வூரில் பழகிப்போன பேச்சு. கீழே மக்கள் தூங்கும் கட்டடத்தின் மேல் அதிரும் இயந்திரத்தை வைப்பதில் உள்ள சங்கடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம்மிடம் மன்னார் இருக்கிறது. அங்குள்ள தம்பபவனிக் காற்றாலையின் 30 சுழலிகள் சேர்ந்து 100 மெகாவாட்டுக்குச் சற்று அதிகம். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று தடையின்றி வீசும் இடத்தில் சுழலியை வைத்து, கம்பியில் மின்சாரத்தைக் கொழும்புக்குக் கொண்டுவருவதே முறை. அங்கும் வலசைப் பறவைகள், மீனவர் நிலம் பற்றிய நியாயமான கவலைகள் உண்டு. அவற்றைத் தீர்த்துத்தான் கட்ட வேண்டும்.

2025 மார்ச் 9

எழுதியவற்றைத் திரும்பப் படித்தபோது, ஃபிஷரின் திட்டத்தில் நான் எடுத்துச் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி இருப்பதை உணர்ந்தேன். கோபுரத்தின் மிகப் பெரும்பகுதியைத் தொழிற்சாலையில் செய்து, குழாயும் கம்பியும் பூட்டி முடித்த அறைகளாகக் கொண்டுவந்து தண்டில் மாட்டுவது அவர் திட்டம். சுழற்சியைவிட இதுதான் நிலைத்தது என்று கருதுகிறேன். சீனாவின் சங்ஷா நகரில் 2015 இல் தொழிற்சாலையில் செய்த பாகங்களைக் கொண்டு 57 மாடிக் கட்டடத்தை 19 வேலை நாளில் பூட்டி எழுப்பினார்கள். கொழும்பின் ஒடுங்கிய ஒழுங்கைகளில், வருடக்கணக்கில் மணலும் கல்லும் சீமெந்துத் தூசியும் பக்கத்து வீட்டுக்காரரின் நுரையீரலுக்குள் போவதை நினைத்தால், இது பெரிய விடயம்.

அசையும் முகப்புகளில் அபுதாபியின் அல் பஹர் கோபுரங்களைப் பாருங்கள். 2012 இல் முடிந்தவை. ஒவ்வொரு கோபுரத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மடிப்புக் குடைகள் சூரியன் வரும்போது விரிந்து, போனபின் சுருங்குகின்றன. அதே வகை எண்ணத்தில் ஜான் நூவெல் 1987 இல் பாரிஸில் கட்டிய அரபு உலக நிறுவனத்தின் கமராக் கண் போன்ற யன்னல்கள் பல, காலப்போக்கில் இயக்கம் நின்றுபோயின. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் உங்கள் கட்டுரைக்கு நல்ல அத்தியாயம் கிடைக்கும்.

ஆனால் அதற்கு முன் பஸ் ஏறிக் கொழும்பு ஹைட் பார்க் மூலைக்குப் போங்கள். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களின் பிற்பகுதியில் அரச ஈட்டு வங்கிக்காகக் கட்டிய 12 மாடிக் கட்டடம் அங்கே இருக்கிறது. வெயிலுக்குக் குறைந்த முகத்தையும் காற்றுக்கு நல்ல முகத்தையும் காட்டும் வடிவம், யன்னலோரங்களில் மழையை வெளியே நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடும் வழிகள். எந்தப் பகுதியும் சுழலவில்லை. காற்று அசைந்தால் போதும் என்று தீர்மானித்த ஒருவரின் கட்டடம் அது. பிறகு இராஜகிரியவுக்குப் போய், மில்ரோய் பெரேரா வடிவமைத்த 46 மாடித் தொடர்மாடியைப் பாருங்கள். ஒவ்வொரு மாடியையும் சுற்றிச் செடிகள் நிற்கும் திண்ணை. வளர்வதும் உதிர்வதும் கூட ஓர் அசைவுதான். தோட்டக்காரருக்கு அதைப் பராமரிக்கத் தெரியும்.

2025 ஏப்ரல் 8

இந்த நாட்களில் நண்பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்றுப் பின் சூரியன் கொழும்பின் உச்சியில் நிற்கிறது. ஒரு தடியை நேராக நட்டுப் பாருங்கள், நிழல் தடியின் காலடியிலேயே முடிந்துவிடும். சுவர்களில் வெயிலே இல்லை, கூரை முழுவதையும் வாங்குகிறது. இந்த நேரத்தில் கட்டடத்தை எந்தப் பக்கம் சுழற்றினாலும் பயன் ஒன்றே.

2025 ஏப்ரல் 14

இன்று புத்தாண்டு. எல்லோருக்கும் வாழ்த்துகள். விடுமுறையில் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருப்பதால் மின்தேவை குறைந்து, வெயிலோ அதிகமாக இருப்பதால், கூரைச் சூரியப் படலங்களைப் பகல் வேளைகளில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டிருக்கிறது. மின்சாரம் இல்லை என்று 2022 இல் கதிரையில் ஆளைச் சுமந்த அதே நாட்டில், நண்பகல் மின்சாரம் மிகுதியாகி, வாங்க ஆளில்லை. இரவு ஏழு மணிக்கோ எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கிறோம்.

மாறும் கட்டடம் என்பதை நான் இனி இப்படித்தான் வரையறுப்பேன்: தன் மின்தேவையை நாளின் ஒரு பொழுதிலிருந்து இன்னொரு பொழுதுக்கு நகர்த்தத் தெரிந்த கட்டடம். நண்பகலில் நீரைக் குளிர்வித்துத் தாங்கியில் வைத்து மாலையில் அதைக்கொண்டு அறையைக் குளிர்விக்கலாம். மின்கார்களை இரவுக்குப் பதில் பகலில் ஏற்றலாம். மேல் தாங்கிக்கு நீரை நண்பகலிலேயே ஏற்றலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் அசையாது, படம் எடுத்துப் போட எதுவும் இராது. ஆனால் அப்படிப்பட்ட ஆயிரம் கட்டடங்கள் கொழும்பில் இருந்தால், இரவு ஏழு மணிக்கு எரிக்கும் எண்ணெய் குறையும்.

தங்கச்சி, உங்கள் ஆய்வுக்கு ஓர் ஆலோசனை. ஒரு தொடர்மாடியைத் தேர்ந்து, மேற்கு வீடு ஒன்றிலும் வடக்கு வீடு ஒன்றிலும், ஒரே மாடியில், மணிக்கொரு தடவை வெப்பநிலையையும் மின்மானியையும் குறித்துவாருங்கள். பிறகு மேற்கு யன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டியை இறக்கிவிட்டு மறுபடியும் குறியுங்கள். தட்டி யன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே தொங்கவிடும் திரை, கண்ணாடியைக் கடந்துவந்த வெப்பத்தை அறைக்குள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த வித்தியாசத்தை எண்ணாகக் காட்டினால் எந்தப் பேராசிரியரும் மறுக்க முடியாது.

2025 மே 4

மேலுள்ளதை எங்கள் தொடர்மாடி முகாமைத்துவக் குழுவில் பேசினேன். நீர்ப்பம்பி மாலை ஆறரைக்கு ஓடிக்கொண்டிருந்தது. எவரும் தீர்மானித்து வைத்த நேரம் அன்று, முன்பு இருந்த காவலாளி வேலைக்கு வரும் நேரம் அது. ஒரு கன மீட்டர் நீரை 35 மீட்டர் உயர்த்த, இழப்புகள் இல்லாவிட்டால், ஏறத்தாழ 0.1 கிலோவாட் மணி போதும். ஆகவே மிச்சம் சிறியது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். குளிரூட்டிகளுடன் ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் எங்கள் கைக்கு எட்டியது அதுதான். நேரமானியை முற்பகல் 11 மணிக்கு மாற்றியிருக்கிறோம். இரவு பத்து மணிவரை தாங்கியில் நீர் நிற்கிறதா என்று ஜூன் மாதப் பொசன் பௌர்ணமி வரை பார்ப்பது என்றும், நின்றால் மேற்குப் பக்க வீடுகளுக்கு வெளித்தட்டி போடும் செலவைப் பற்றிப் பேசுவது என்றும் முடிவு. கீழ் மாடிக்காரர் ஒருவர் தட்டியால் கடல் மறையும் என்று இப்போதே எதிர்த்திருக்கிறார். கையால் இழுத்துச் சுருட்டக்கூடியதாக ஒன்றைச் செய்து அவர் வீட்டிலேயே முதலில் மாட்டிக் காட்டப் போகிறேன்.